பேஸ் திரும்பி வரும் வரை

முதல் மூன்று மாதம் நான் வயர்தான் சுற்றினேன். கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவே வளைத்துச் சுற்றுவது ஊரில் பார்த்த பழக்கம். அங்கிள் அதை என் கையிலிருந்து வாங்கி, முழுக்கப் பிரித்துத் தரையில் போட்டார். "இப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும். ஒரு நாள் நடு ஆட்டத்தில் சத்தம் செத்துப்போகும்" என்றார். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக. அப்படிச் சுற்றிய வயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மீதியை வீசினால், இருபது மீட்டரும் ஒரு சிக்கு இல்லாமல் ஓடி விழும். அது எனக்குக் கைவந்த நாளில்தான் ஒலி கலக்கும் மிக்ஸர் மேல் போட்டிருந்த துணியை விலக்கிக் காட்டினார். தொட விடவில்லை.

இது நடந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில். மேல்படிப்புக்குப் போனவன், வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டேன். அங்கிள் என்று நான் மட்டும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் தெருவின் கரீபியன் குடும்பங்களில் மூத்தவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் வழக்கமும் அதுவே என்பதால் எனக்கு நாக்கு தயங்கவில்லை. அவருடைய பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பதினெட்டு வயதிலிருந்து சவுண்ட் சிஸ்டம் வைத்திருக்கிறார். எங்களை 'யூத்' என்பார். அவர் வாயில் அது நம்மூர் 'தம்பி'.

அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு ஹார்ட் டிஸ்க். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் படித்தபோது அறைத்தோழன் ஒருவன் வைத்திருந்தான். அதில் 'மெஸ்ஸனீன்' என்று ஒரு ஆல்பம். மாசிவ் அட்டாக் என்ற பிரிஸ்டல் குழு 1998இல் வெளியிட்டது. விடுதியில் கரண்ட் போன ஓர் இரவு, லேப்டாப்பில் மீதமிருந்த பேட்டரியில், ஹெட்போனில் அதைக் கேட்டேன். முதல் பாட்டு 'ஏஞ்சல்'. அடியில் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி மட்டும் எங்கோ தொலைவில் நடந்து வருவதுபோல் வந்துகொண்டே இருந்தது. பாடுகிறவர் வருவதற்குள் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அதுவரை நான் கேட்டிருந்த பாட்டுகள் எல்லாம் என்னைப் பார்த்துப் பாடின. இந்தப் பாட்டு நான் ஒருவன் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. அதனாலேயே அதன் பின்னால் போனேன். போர்டிஸ்ஹெட், ட்ரிக்கி, பரியல் என்று தேடித் தேடிக் கேட்டேன். ஒரே பாட்டுக்கு ஐந்து ரீமிக்ஸ் இருந்தால் ஐந்தையும் கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன்.

எனக்கு ஒலிபெருக்கி புதிதல்ல. சித்தப்பா விருதுநகர்ப் பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, ஊர்ப் பொங்கல் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டப் போவோம். புளிய மரத்தில் ஏறி, குழாயை எந்தத் திசைக்குத் திருப்பினால் பக்கத்து ஊர் வரை கேட்கும் என்று பார்த்துக் கட்டுவது என் வேலை. ஆனால் குழாயின் வாயில் பேஸ் வராது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தைத் தள்ளும் அளவு அதற்கு இல்லை. நாங்கள் தூரத்தைத்தான் வென்றோம். பாட்டின் அடிவயிறு எங்களிடம் இருந்ததே இல்லை.

அது என்னவென்று பிரிஸ்டலில் தெரிந்தது. வந்த இரண்டாவது கோடையில் செயின்ட் பால்ஸ் கார்னிவலுக்குப் போனேன். 1968இல் தொடங்கிய விழா அது. தெருமுனையில் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய மரப்பெட்டிகளைப் பார்த்து, அருகில் போய் நின்றேன். பேஸ் வந்தபோது காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்குத்தான் அது கேட்டது. பேன்ட் துணி காலோடு ஒட்டி அதிர்ந்தது. பாட்டு முடியும் முன்பே பெட்டிக்குப் பின்னால் போய், அங்கே நின்ற பெரியவரிடம் "நான் தூக்க வரட்டுமா?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை வா" என்றார்.

சவுண்ட் சிஸ்டம் என்றதும் வீட்டு ஸ்டீரியோ நினைவுக்கு வரக் கூடாது. அது ஒரு குழு. பெட்டிகளும் ஆம்ப்களும் மட்டும் சிஸ்டம் ஆகிவிடாது. இசைத்தட்டு தேர்ந்து போடுகிற செலக்டர், ப்ரீஆம்பில் கை வைத்து பேஸையும் எக்கோவையும் ஆளுகிறவர், மைக் பிடிப்பவர், கடைசியாகப் பெட்டி தூக்கும் பையன்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் பிறந்து, குடியேறியவர்களோடு பிரிட்டன் வந்த ஏற்பாடு. பிரிஸ்டலில் 1980களில் வைல்ட் பஞ்ச் என்ற பெயரில் ஆடிய அப்படி ஒரு குழுவிலிருந்துதான் 1988இல் மாசிவ் அட்டாக் பிரிந்து வந்தது. என் ஹார்ட் டிஸ்க் இசை பெட்டி தூக்கியவர்களின் இசை என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும்.

பெட்டியில் 18 அங்குல ஸ்பீக்கர் இருக்கும். இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும். எங்கே வைப்பது என்பதில் அங்கிள் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். எனக்கு அது வீண்வேலையாகத் தெரிந்தது. ஒரு நாள் பேஸ் சுரம் ஒன்றை மட்டும் ஓட விட்டு, "ஹாலைச் சுற்றி நட" என்றார். நடந்தேன். ஓர் இடத்தில் எலும்பு அதிர்ந்தது. சில எட்டு தள்ளி வந்தால் சத்தமே இல்லை. மறுபடி சில எட்டில் திரும்ப வந்தது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம். சுவரில் மோதித் திரும்பும் அலை, போகிற அலையோடு சில இடங்களில் சேர்ந்துகொள்ளும், சில இடங்களில் அதை அழித்துவிடும். பொறியியல் படித்த எனக்கு இது தேர்வில் எழுதிய பாடம்தான். ஆனால் மூன்று மீட்டர் அறையில் கட்டிலில் உட்கார்ந்து நான் செய்த மிக்ஸ்கள் வெளியே போனால் ஏன் சேறாகக் கேட்கின்றன என்று அன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. என் அறையில் ஏழு மீட்டர் இல்லை. நான் கேட்டு முடிவெடுத்த பேஸ் என் கட்டிலின் பேஸ்.

அடுத்தது வீட்டுப்பாடம். மாசிவ் அட்டாக்கின் 'ப்ரொடெக்ஷன்' 1994இல் வந்தது. கயானாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த மேட் ப்ரொஃபசர் அதன் எட்டுப் பாட்டுகளை எடுத்து, குரலையும் வாத்தியங்களையும் நீக்கியும் எக்கோவில் விட்டும் ஆளும் டப் முறையில் மறுபடி கலக்கி, 1995இல் 'நோ ப்ரொடெக்ஷன்' என்று வெளியிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு, பேஸ் எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று நோட்டில் கோடு போட்டு வரச் சொன்னார் அங்கிள். மூலத்தின் முதல் பாட்டில் ட்ரேசி தோர்ன் முழுக்கதையும் சொல்கிறார்: ஒருத்தி இன்னொருவருக்குக் காவலாக நிற்பது. ப்ரொஃபசரின் வடிவத்தில் அவர் குரல் துணுக்குத் துணுக்காகத்தான் வருகிறது. ஒரு சொல் கேட்கிறது, அது எக்கோவில் சுழன்று தேய்கிறது, அடுத்த சொல் வருமென்று காத்திருந்தால் வராது. பாட்டுக்குப் பெயரும் மாறிவிட்டது: 'ரேடியேஷன் ரூலிங் த நேஷன்'. காவல் பற்றிய பாட்டிலிருந்து காவலையே எடுத்துவிட்டார். நான் நான்கு வாரம் கோடு போட்டேன். என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: 'ப்ரொடெக்ஷன்' நல்ல ஆல்பம், 'நோ ப்ரொடெக்ஷன்' அதைவிடப் பெரிய ஆல்பம்.

ரீமிக்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தொழில்கள் நடக்கின்றன. இதே ட்ரேசி தோர்ன் பாடிய 'மிஸ்ஸிங்' என்ற பாட்டும் 1994இல்தான் வந்தது, அவருடைய எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவின் பாட்டாக. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நியூயார்க்கின் டாட் டெர்ரி அதற்கு அடியில் ஹவுஸ் என்ற நடன இசையின் தாளத்தை வைத்தார். 1995இல் வெளியான அது உலகமெங்கும் ஓடி, 1996இல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அது பாட்டுக்குக் கால் கொடுக்கும் வேலை. அதில் குறையொன்றும் இல்லை. நான் கற்க வந்தது காலடியிலிருந்து தரையை எடுத்துவிடும் வேலை.

அந்த வேலை ஒரு தவறில் தொடங்கியது என்பார்கள். 1960களின் இறுதியில் ஜமைக்காவில் ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரருக்காக ஒரு பாட்டைத் தட்டில் வெட்டும்போது, பொறியாளர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரெட்வுட் அந்தக் குறைத்தட்டை அப்படியே ஆட்டத்தில் போட்டார். கூட்டமே குரலை நிரப்பிப் பாடியது. அதற்குப் பிறகு தட்டின் பின்பக்கத்தில் குரல் நீக்கிய 'வெர்ஷன்' வருவது வழக்கமானது. ரேடியோ பழுது பார்த்துப் பிழைத்த கிங் டப்பி அந்த வெர்ஷனை எடுத்து மிக்ஸரை ஒரு வாத்தியமாக வாசித்தார்; அதுதான் டப். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், தன் வீட்டில், நான்கு டிராக் கலக்கும் பழைய மேஜையில். நான்கே நான்கு. என் லேப்டாப்பில் நூறு டிராக் திறக்கலாம். இதைச் சொன்னபோது அங்கிள் கேட்டார்: "உனக்கு எத்தனை கை?"

எனக்கு மிக்ஸர் கிடைக்கும் முன் எக்கோ பெட்டி கிடைத்தது. ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ, 1974இல் வந்த மாதிரி. உள்ளே ஒரு நாடா வளையம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஹெட் ஒலியை எழுதும், அடுத்தடுத்து உள்ள மூன்று ஹெட்கள் அதைப் படிக்கும். எழுதும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் எக்கோவின் தாமதம். வாரம் ஒரு முறை பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஹெட்களைத் துடைப்பேன். நாடா தேய்ந்தால் எக்கோ மங்கும், வேகம் லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்துக்காகத்தான் இன்றும் இதை வைத்திருக்கிறார்கள். புது நாடா போட்டால் ஒரு வாரம் அங்கிள் முகம் சரியாக இருக்காது. "பழகட்டும்" என்பார், புதுச் செருப்பைச் சொல்வதுபோல.

நேரம் பிடிப்பதை நான் கணக்காகத்தான் தொடங்கினேன். நிமிடத்துக்கு 75 அடி என்றால் ஓர் அடி 800 மில்லிவினாடி. முக்கால் அடி 600. எக்கோவை 600இல் வைத்தால் அது தாளத்தின் மேல் விழாமல், அடிகளுக்கு இடையில் உள்ள சந்தில் விழும். கணக்கு சரி. ஆனால் பெட்டியில் எண் காட்டும் திரை கிடையாது, ஒரு குமிழ்தான் உண்டு. அங்கிள் காலைத் தட்டிக்கொண்டு குமிழைத் திருப்புவார். எக்கோ தாளத்தோடு சண்டை போடும்போது முகம் சுளிக்கும், சமாதானமானால் கை நிற்கும். எனக்கு அது வர ஒரு குளிர்காலம் பிடித்தது.

ஒரு விஷயம் மட்டும் முதல் நாளே மனதில் ஏறியது. குரலை எக்கோவுக்கு அனுப்பிவிட்டு அதன் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மூடிவிட்டால், பாடுகிறவர் போய்விடுவார். அவர் சொன்ன கடைசிச் சொல் மட்டும் அறையில் அலையும். ஆள் இல்லாத சொல். விடுதி இருட்டில் என்னை உலுக்கியது எதுவென்று அப்போது பிடிபட்டது. சோகமான சுரங்களாலும் முனகும் சிந்தசைசராலும்தான் இந்த இசை இருண்டிருக்கிறது என்று எண்ணியிருந்தேன். என் பழைய ரீமிக்ஸ்களில் அவற்றைத்தான் அடுக்கினேன். இருட்டு தூரத்தால் வருகிறது. ஒன்று இருந்தது, இப்போது விலகிக்கொண்டிருக்கிறது என்று காது நம்ப வேண்டும். அதற்கு அந்த ஒன்று முதலில் மிக அருகில் இருந்திருக்க வேண்டும்.

நண்பி ஒருத்தி தன் பாட்டை நான்கு தடங்களாகத் தந்தாள்: டிரம், பேஸ், ஆர்கன், குரல். அதுதான் என் முதல் பயிற்சிப் பாட்டு. ஐம்பது தடவைக்கு மேல் கலக்கியிருப்பேன். டப்பில் திருத்தம் கிடையாது. பாட்டு ஓடும், நீங்கள் ஃபேடரை இழுப்பீர்கள், முடிந்தால் அதுதான் மிக்ஸ். பிடிக்கவில்லையா, முதலிலிருந்து இன்னொன்று. நான் எல்லாவற்றையும் பண்ணினேன்: ஆர்கனை வெட்டினேன், டிரம்மைத் தெறிக்க விட்டேன், குரலைச் சுழற்றினேன். அங்கிள் நாற்காலியில் சாய்ந்து கேட்டுவிட்டு, "நீ பேசிக்கொண்டே இருக்கிறாய்" என்றார். பிறகு எழுந்து வந்து பேஸ் ஃபேடரை மட்டும் என்னிடம் விட்டு, மற்ற மூன்றின் மேலும் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். இரண்டு மாதம் அப்படியே. பேஸை எடு. பேஸைக் கொடு. வேறொன்றும் செய்யாதே.

எடுப்பது எளிது. எவ்வளவு நேரம் கழித்துத் திருப்பித் தருவது? தாளத்தில் எட்டு அளவா, பதினாறா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் என்னைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "முழங்காலைப் பார்" என்றார். பார்த்தேன். பேஸ் இருக்கும்போது எல்லார் முழங்காலும் மடங்கி மடங்கி எழுகிறது. பேஸ் போனதும் நிற்பதில்லை; உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்னும் சில அளவுகள் மடங்குகிறது. பிறகு ஒவ்வொருவராக நிமிர ஆரம்பிக்கிறார்கள். எல்லாரும் நிமிர்ந்துவிட்டால் கூட்டம் கை நழுவிவிட்டது. யாரும் நிமிரும் முன்பே கொடுத்தால் அவர்களுக்கு ஏக்கமே வராது. இரண்டு மூன்று பேர் நிமிர்கிற நொடி இருக்கிறதே, அதுதான். அந்த நொடி ஒவ்வோர் இரவும் வேறு. குளிர் நாளில் சீக்கிரம் வரும். பின்னிரவில் தாமதமாக வரும். எந்தப் புத்தகத்திலும் அதற்கு எண் கிடையாது.

முதல் முறை ஆட்டத்தில் எனக்கு எக்கோவைக் கொடுத்த இரவை மறைக்க விரும்பவில்லை. சமூகக்கூடம் ஒன்றில் நூறு பேர் இருந்திருப்பார்கள். பாட்டின் கடைசிச் சொல்லைப் பிடித்து எக்கோவை ஏற்றினேன். எக்கோ தன்னையே மறுபடி தின்று வளரும் எல்லை ஒன்று உண்டு. அதைத் தொட்டுவிட்டு இறக்க வேண்டும். இறக்கும்போது என் விரல் பக்கத்துக் குமிழில் இருந்தது. இரண்டு வினாடியில் ஊளை கூடத்தை நிரப்பியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா இரு காதையும் பொத்திக்கொண்டார். அங்கிள் என் கையைத் தட்டிவிடவில்லை. பின்னாலிருந்து எட்டி முதன்மை ஃபேடரை இறக்கினார். கூடம் முழுக்க அமைதி. இரண்டு அளவு அந்த அமைதியை அப்படியே விட்டார். பிறகு பேஸை மட்டும் உள்ளே விட்டார். கூட்டம் கத்திய கத்தலில், நடந்தது தவறு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. நான் போய் அந்தப் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வியாழக்கிழமை எனக்கு மறுபடி வயர் வேலை. அது நியாயம்.

இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். மாசிவ் அட்டாக் தங்கள் முதல் ஆல்பமான 'ப்ளூ லைன்ஸ்' (1991) பதிவு செய்த கோச் ஹவுஸ் ஸ்டூடியோவில் ஜெஃப் பாரோ என்ற பையன் டேப் ஆபரேட்டர். அவர்தான் பிறகு போர்டிஸ்ஹெட் குழுவைத் தொடங்கியவர். அவர்கள் 1994இல் 'டம்மி'யைச் செய்தபோது, தாங்களே வாசித்ததைத் தட்டில் வெட்டி, அந்தத் தட்டைத் தரையில் போட்டுத் தேய்த்து, அதிலிருந்து மறுபடி எடுத்துச் சேர்த்தார்கள். புதுச் சத்தத்துக்கு முதுமை ஏற்றும் இந்தப் பொறுமையை டேப் மாற்றிக்கொண்டிருந்தவரால்தான் யோசிக்க முடியும் என்று நம்புகிறேன். பரியல் வேறு வழியில் போனார். தென்லண்டன்காரரான அவர் மேடையேறுவதே இல்லை. அவருடைய 'அன்ட்ரூ' (2007) நள்ளிரவுப் பேருந்தின் இசை. அதை மதிக்கிறேன். ஆனால் முழங்காலைப் பார்த்துப் பழகிவிட்ட பிறகு எனக்குக் கூட்டம் வேண்டியிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 25 அன்று மாசிவ் அட்டாக் சொந்த ஊரில், கிளிஃப்டன் டவுன் திடலில் வாசித்தார்கள். அங்கிள் வரவில்லை, சுவரே இல்லாத திடலில் பேஸ் ஓடிப்போய்விடும் என்பது அவர் கொள்கை. நான் ஒலி மேஜைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். அந்த நிகழ்ச்சிக்கு மின்சாரம் பேட்டரிகளிலிருந்து வந்தது, டீசல் ஜெனரேட்டர் கிடையாது. சூழலுக்காகச் செய்தார்கள், எனக்கு அது காதிலும் கேட்டது. ஊரில் சித்தப்பாவின் ஜெனரேட்டர் எல்லாப் பாட்டுக்கும் பின்னால் ஒரு சுருதிபோல் உறுமிக்கொண்டே இருக்கும். இங்கே ஒலி நின்றபோது நிஜமாகவே நின்றது. 'ஏஞ்சல்' வந்தது. பாட வந்தவர் ஹோரஸ் ஆண்டி. 1951இல் ஜமைக்காவில் பிறந்தவர், குழுவின் ஐந்து ஆல்பங்களிலும் பாடியவர். விடுதி இருட்டில் கேட்ட அதே குரல், எழுபது வயதுக்கு மேல், என் எதிரில். எல்லாரும் திரையின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து புல்லில் நின்ற கால்களைப் பார்த்தேன். என் கண்ணுக்கு எட்டிய வரை எல்லா முழங்கால்களும் ஒன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.

போன மாதம் ஓர் ஆட்டத்தில் நான்கு ஃபேடரும் ஒரு மணி நேரம் என் கையில் இருந்தன. நண்பியின் பாட்டைத்தான் போட்டேன். பேஸை எடுத்தேன், காத்திருந்தேன். தூணோரம் ஒருவர் நிமிர்ந்தார், பிறகு இன்னொருவர். கொடுத்தேன். அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து வயர் சுற்றும்போது என்னோடு உட்கார்ந்து மறுமுனையைச் சுற்றினார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ப்ரொடெக்ஷன்' பாட்டை முதலிலும் 'ரேடியேஷன் ரூலிங் த நேஷன்' பாட்டை உடனே அதன் பின்னும் ஒரே இருப்பில் கேளுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். நல்ல ஹெட்போனில், முடிந்தால் பெரிய ஸ்பீக்கர் உள்ள யார் வீட்டிலாவது கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அதில் பேஸ் வராது.